நிழலில் ஒளிய விளக்கும் வேணும்: டி அண்ட் டி நிழல் கேரக்டர்களின் ஐம்பது வருஷக் கதை

எபிசோடைக் கேட்க நேரம் கிடைக்காதவங்களுக்காக, படிக்க வசதியா எடிட் செய்த எழுத்து வடிவம் இது.

இன்றைய கதை ஒரு சின்ன எண்ணில் தொடங்குகிறது: 10 சதவீதம். 1975-ல் வந்த ஒரு விளையாட்டுப் புத்தகத்தில், நிழலில் ஒளியப் பார்க்கும் ஒரு கத்துக்குட்டித் திருடனுக்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு அவ்வளவுதான். பத்துத் தடவை முயற்சி பண்ணினா ஒன்பது தடவை மாட்டிப்பான். அதே விளையாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு கேரக்டர் ஒரு நிழலில் மறைந்து 60 அடி தள்ளி இன்னொரு நிழலில் தோன்றலாம். ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான்னு கணக்கே கிடையாது.

பத்து சதவீதத்திலிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்? வழியில் எதைத் தொலைச்சோம்? இதுதான் இந்த எபிசோட்.

முதலில், விளையாட்டு என்னன்னு ஒரு நிமிஷம்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்கு அந்த பேஸ்மென்ட் மேசை ஞாபகம் இருக்கும். நாலு பசங்க, பகடை, பேப்பர், பென்சில். ஒருத்தர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். "நான் கதவைத் திறக்கிறேன்"னு நீங்க சொல்லணும். திறக்குமா இல்லையான்னு சந்தேகம் வந்தா பகடை முடிவு பண்ணும். பலகை தேவையில்லை, ஜெயிக்கிறது தோற்கிறதும் இல்லை. இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்.

இதில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமா டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் எழுதியது. 1974-ல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து, மூன்று குட்டிப் புத்தகங்களாக வெளியானது. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தான். நீங்க தேர்ந்தெடுக்கக்கூடிய கேரக்டர் வகைகள், அதாவது கிளாஸ், மூன்றே மூன்று: சண்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி. திருடன் கிடையாது. நிழலும் கிடையாது.

பத்து சதவீதத் திருடன்

திருடன் வந்தது இன்னொரு கரையிலிருந்து. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஏரோ ஹாபீஸ் என்றொரு கடை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழுவின் யோசனை ஒன்று கைகாக்ஸ் காதுக்குப் போனது. பூட்டைத் திறக்க, பொறியைச் செயலிழக்கச் செய்ய, சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்த ஒரு ஆள். கைகாக்ஸ் அதை 1974-லேயே ஒரு சின்ன ரசிகர் இதழில் தன் பாணியில் எழுதினார். 1975-ல் 'கிரேஹாக்' என்ற துணைப் புத்தகத்தில் அது அதிகாரப்பூர்வ கிளாஸ் ஆனது. திருடனின் திறமைப் பட்டியலில் ஒன்று: நிழலில் ஒளிதல்.

நிழலுக்கு அப்போது எந்த மாயமும் இல்லை என்பதைக் கவனிங்க. சுவரோடு சுவராக ஒட்டி, மூச்சைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் நிற்கும் கைத்தொழில் அது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இதற்கு ஒரு அருமையான விதி உண்டு: பகடையை டன்ஜன் மாஸ்டர் ரகசியமாக உருட்டுவார். திருடனோ எப்பவும் தான் நல்லா ஒளிஞ்சிட்டதாவே நம்பிக்கிட்டு இருப்பான். காவல்காரன் நேராக அவனைப் பார்த்து நடந்து வரும்வரை.

இந்த கிளாஸ் வந்ததும் ஒரு பக்கவிளைவு ஏற்பட்டது. பழைய விளையாட்டாளர்கள் இன்றுவரை விவாதிக்கும் விஷயம் இது. அதற்கு முன் யார் வேணும்னாலும் "நான் தூணுக்குப் பின்னாடி ஒளியறேன்"னு சொல்லலாம். நியாயமா இருந்தா டன்ஜன் மாஸ்டர் ஒத்துக்கொள்வார். ஒளிவது திருடனின் பட்டியலில் ஏறிய பிறகு, மத்தவங்க மெல்ல மெல்லக் கேட்பதையே நிறுத்திட்டாங்க. எல்லாருக்கும் பொதுவா இருந்த நிழல் ஒரு ஆளோட சொத்தா மாறினது.

ஜாக் என்ற முன்னோடி

திருடனுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று கைகாக்ஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். அவர் சொன்ன பெயர்களில் ஒன்று ஜாக். ரோஜர் ஸெலாஸ்னி 1971-ல் எழுதிய 'ஜாக் ஆஃப் ஷேடோஸ்' நாவலின் நாயகன்.

அந்த நாவலின் உலகம் சுழலாது. ஒரு பாதி எப்பவும் பகல், அங்கே அறிவியல். மறுபாதி எப்பவும் இரவு, அங்கே மந்திரம். ஜாக்கின் சக்தி நிழலிலிருந்து வருகிறது. இங்கேதான் ஸெலாஸ்னியின் சாமர்த்தியம்: முழு வெளிச்சத்திலும் ஜாக்குக்குச் சக்தி இல்லை, முழு இருட்டிலும் இல்லை. ஏன்னா இரண்டிலுமே நிழல் விழாது. நிழல் வேணும்னா எங்கேயோ ஒரு விளக்கு எரியணும், அதுக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணு நிக்கணும்.

இதை மனசுல வெச்சுக்கோங்க. நிழல் வேற, இருட்டு வேற. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்த விதிகள் சுவாரசியமாக வந்திருக்கின்றன. மறந்தவை வெறும் கறுப்பு அங்கி ஆகிவிட்டன.

இருபது சதவீத உண்மை

திருடனுக்கு நிழல் ஒரு மறைவிடம். அதே 1975-ல் இன்னொருவர் அதை ஒரு மூலப்பொருளாக மாற்றினார். பீட்டர் ஆரன்சன் என்பவர் டி அண்ட் டி-யின் ஆரம்பகால இதழான 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ'வில் இல்யூஷனிஸ்ட் என்ற மாயத்தோற்ற மந்திரவாதியை அறிமுகப்படுத்தினார். இந்த கிளாஸின் மந்திரங்களில் ஒரு வகை, நிழலால் உருவங்களைச் செய்வது. பொய்த் தோற்றமும் இல்லை, முழு நிஜமும் இல்லை, அரைகுறை நிஜம்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். நிழலால் செய்த ஓநாய் உங்களைக் கடிக்கிறது. அது நிஜம்னு நீங்க நம்பினா முழுக் கடி. "இது வெறும் நிழல்"னு கண்டுபிடிச்சாலும் தப்ப முடியாது. ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம், அப்பவும் வலிக்கும். பயத்தைப் பற்றி ஒரு விதிப் புத்தகம் சொன்ன ரொம்ப சரியான விஷயம் இதுன்னு எனக்குத் தோணும். பொய்யுன்னு தெரிஞ்ச பயமும் கொஞ்சம் கடிக்கத்தானே செய்யுது?

நடனம் தெரியணும்

அதே 2000-ஆம் ஆண்டு, டன்ஜன் மாஸ்டருக்கான வழிகாட்டிப் புத்தகத்தில் ஷேடோடான்சர் வந்தது. பிரெஸ்டீஜ் கிளாஸ் என்பார்கள். தொடக்கத்திலேயே எடுக்க முடியாது, தகுதி சேர்த்துப் பிறகு நுழைய வேண்டும். தகுதிப் பட்டியலைப் பாருங்க: ஒளியத் தெரியணும், ஓசைப்படாம நடக்கத் தெரியணும், அப்புறம், நிஜமாவே நடனம் ஆடத் தெரியணும்.

இதன் மூன்று விதிகளைச் சொல்கிறேன். ஒன்று: பக்கத்தில் 10 அடிக்குள் ஏதாவது ஒரு நிழல் இருந்தால், ஷேடோடான்சர் வெட்டவெளியிலேயே மறைந்துபோகலாம். ஆனால் தன் சொந்த நிழலில் ஒளிய முடியாது. மேசையில் யாரோ ஒரு குறும்புக்கார விளையாட்டாளர் "என் நிழலே இருக்கே"ன்னு கேட்பார்னு எழுதினவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு!

இரண்டு: நிழலிலிருந்து நிழலுக்குத் தாவலாம். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நிழல் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு மொத்தமே 20 அடி. ஒரு அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அவ்வளவுதான். எப்போது செலவழிப்பது என்று யோசிக்க வைக்கும் அளவு.

மூன்று: துணைக்கு ஒரு நிழலை அழைக்கலாம். டி அண்ட் டி-யில் 'ஷேடோ' என்ற பெயரில் ஒரு பழைய பேய் உண்டு. அது தொட்டால் உடல் வலு குறையும். வலு முழுவதும் போனால் நீங்களும் நிழலாகிவிடுவீர்கள். கெட்ட ஜந்து. ஆனால் ஷேடோடான்சரின் துணையாக வருவது அப்படியில்லை. அழைத்தவரின் குணம் எதுவோ அதுதான் அதன் குணமும். நல்லவர் கூப்பிட்டால் நல்ல நிழல். அந்தத் துணை அழிந்தால் உங்கள் அனுபவப் புள்ளிகள் பறிபோகக்கூடும். உறவு இருந்தது, அதற்கு விலையும் இருந்தது.

வேலை எப்போது பிறவி ஆனது?

இதற்குப் பிறகு வேகம் கூடியது. 2006-ல் 'டோம் ஆஃப் மேஜிக்' புத்தகத்தில் ஷேடோகாஸ்டர் என்ற கிளாஸ். நிழலையே மந்திரமாகப் படித்தவர். யோசனை அழகு, கையில் எடுத்து ஆடினால் பலவீனம். எழுதியவர்களில் ஒருவரான ஆரி மார்மெல் பின்னாளில் தானே திருத்தங்களை இணையத்தில் பகிர்ந்தார்.

2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது நிழலுக்கு முகவரி கிடைத்தது. நம் உலகத்தின் இருண்ட பிரதியாக ஷேடோஃபெல் என்ற ஓர் உலகம். 2011-ல் 'ஹீரோஸ் ஆஃப் ஷேடோ' என்ற தனிப் புத்தகம். அதில் வேம்பயரே ஒரு கிளாஸ். தன் ஆன்மாவில் ஒரு பங்கை நிழலுக்குக் கொடுத்துவிட்ட 'ஷேட்' என்ற இனமும் உண்டு.

2014-ல் ஐந்தாம் பதிப்பு. ஆரம்பத்தில் சொன்ன 60 அடித் தாவல் இதில்தான். நிழல் வழியைப் பின்பற்றும் துறவியின் சக்தி. 2017-ல் 'ஸனதார்ஸ் கைட்' புத்தகத்தில் நிழல் மந்திர சார்சரர். இவர் எதையும் கற்கவில்லை, சக்தி உடம்பிலேயே இருக்கிறது. தொட்டால் எப்பவும் சில்லென்றிருப்பார், இதயம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் துடிக்கும் என்பது போன்ற விசித்திரங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியலே அந்தப் புத்தகத்தில் உண்டு. 'பால்டுர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டுக்கும் 2025-ல் இவர் வந்து சேர்ந்தார்.

கோடு போட்டுப் பாருங்க. 1975-ல் நிழல், ஒருத்தன் செய்யற காரியம். 2017-ல் நிழல், ஒருத்தர் என்னவா இருக்கார் என்பது. சக்தி கூடியது, கற்பனைக்கு இடம் கூடியது. ஆனால் நிழல் பிறவியோடு சேர்ந்ததும் வேறொரு பழைய கேள்வி மேசைக்கு வந்தது.

இருட்டுன்னா கெட்டதா?

1978-ல் வந்த விதிப்படி அசாசின், அதாவது கூலிக்கொலையாளி, கெட்டவராகத்தான் இருக்க வேண்டும். பணத்துக்காகக் கொல்பவர், சரி, புரிந்துகொள்ளலாம். அது அவர் தேர்ந்தெடுத்த தொழில். 1980-களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகிறது என்று அமெரிக்காவில் பெரும் பயம் கிளம்பியது. 1989 பதிப்பில் அசாசின் கிளாஸே காணாமல் போனது.

ஆனால் அதே 1978-ல் இன்னொன்றும் நடந்தது. ட்ராவ் என்ற இனம் கைகாக்ஸின் சாகசப் புத்தகங்களில் முழுதாக வந்தது. நிலத்தடியில் வாழும் எல்ஃப்கள். கறுப்புத் தோல், வெள்ளை முடி. இனமே கெட்டது. இங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இருட்டில் வாழ்கிறார்கள், கறுப்பாக இருக்கிறார்கள், ஆகவே கெட்டவர்கள். 1988-ல் ஆர்.ஏ. சால்வடோர் தன் நாவலில் ட்ரிஸ்ட் என்ற நல்ல ட்ராவைக் கொண்டுவந்தார்; பெரும் புகழ். ஆனால் அவர் விதிவிலக்காக இருந்ததாலேயே விதி இன்னும் கெட்டியானது. "அவன் ஒருத்தன் மட்டும் நல்லவன்"ங்கிற பேச்சை நாம வேற இடங்கள்லயும் கேட்டிருக்கோம், இல்லையா?

வேறு வழி அப்போதே இருந்தது. அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் நாயகன் கெட் மாநிற மேனி கொண்டவன். அவனைத் துரத்தும் நிழல் எந்த இனத்திலிருந்தும் வரவில்லை. அவன் கர்வத்தில் செய்த ஒரு மந்திரத்திலிருந்து வருகிறது. கைகாக்ஸ் 1979-ல் தன்னைப் பாதித்த நூல்களைப் பட்டியலிட்டபோது அதில் லெ குவின் இல்லை.

2020 ஜூனில், அமெரிக்காவெங்கும் நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, டி அண்ட் டி-யை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஓர் அறிக்கை விட்டது. ஓர்க், ட்ராவ் போன்ற இனங்களைப் பிறவியிலேயே தீயவர்களாகக் காட்டியது, நிஜ உலகில் சில மக்களை இழிவுபடுத்திய விதத்தை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது. 2024 பதிப்பில் 'ரேஸ்' என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். "விளையாட்டுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டவர்களும் நிறைய. ஆனா யோசிச்சுப் பாருங்க. சிவப்பழகு க்ரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு, கறுப்பு ஒரு குறைன்னு யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தலை. திரும்பத் திரும்பக் காட்டினாங்க, அவ்வளவுதான். கதைகளும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

பக்கத்துச் சீட்டில் உங்கள் நிழல்

நிழல் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்பதை மிகத் துணிச்சலாக விதியாக்கியது டி அண்ட் டி இல்லை. 1994-ல் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'ரைத்: தி ஆப்ளிவியன்'. இதில் எல்லாருமே இறந்தவர்கள்தான். பேயாகத்தான் ஆட வேண்டும். ஒவ்வொரு பேய்க்கும் உள்ளே ஒரு நிழல் உண்டு, தன்னையே அழித்துக்கொள்ளத் துடிக்கும் பாதி. உளவியலாளர் கார்ல் யுங் சொன்ன நிழலின் சாயல் இதில் தெளிவாகவே தெரியும்.

விசேஷம் என்னன்னா, உங்க நிழலை நீங்க ஆட மாட்டீங்க. மேசையில் இருக்கும் இன்னொரு விளையாட்டாளர் ஆடுவார். நீங்க தயங்கும் நேரத்தில் அவர் உங்க காதோரம் வந்து, "விடு, உன்னால முடியாது"ன்னு பேசலாம். "நான் உதவட்டுமா?"ன்னு கூடுதல் பகடை நீட்டலாம், வாங்கினால் நிழல் வலுக்கும். சரியான குழுவோடு ஆடினால் நெஞ்சைப் பிசையும். நம்பிக்கை இல்லாத குழுவோடு ஆடினால் உறவே முறியும். அதனால்தானோ என்னவோ, பலர் வியந்த இந்த விதியைப் பின்னால் வந்த பெரிய விளையாட்டுகள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

தீப்பந்தம் திரும்பி வந்தது

டி அண்ட் டி-க்குத் திரும்புவோம். நிழல் சக்திகள் பெருகியபோது சத்தமில்லாமல் ஒன்று தேய்ந்தது: இருட்டின் மீதான பயம். 2014 விதிப் புத்தகத்தின் ஒன்பது இனங்களில் ஆறு இனங்களுக்கு டார்க்விஷன், அதாவது இருட்டில் பார்க்கும் கண், பிறவியிலேயே உண்டு. யாருமே தீப்பந்தம் ஏந்த வேண்டியதில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்போது ஒளிவதற்கு என்ன அர்த்தம்?

வடிவமைப்பாளர்கள் இதை உணர்ந்திருக்க வேண்டும். 2017-ல் வந்த க்ளூம் ஸ்டாக்கர் என்ற வகை ரேஞ்சருக்கு ஒரு வித்தியாசமான சக்தி: டார்க்விஷனை நம்பி இருட்டில் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அவர் தெரிய மாட்டார். ஆனா ஒரு சாதாரண ஆள் கையில் விளக்கோட வந்தா? பளிச்சுன்னு தெரிவார். நாற்பது வருஷத்துக்கு மேல் சுற்றி வந்து, மறுபடியும் ஒரு விளக்கு முக்கியமாகிவிட்டது.

2023-ல் கெல்சி டியோன் வெளியிட்ட 'ஷேடோடார்க்' இதை எல்லை வரை கொண்டுபோனது. விளையாட்டாளர்கள் யாருக்கும் டார்க்விஷன் கிடையாது. அரக்கர்களுக்கோ இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு தீப்பந்தம் எரிவது ஒரு மணி நேரம். கதையின் ஒரு மணி நேரம் இல்லை, உங்க போன் டைமர் காட்டும் நிஜமான ஒரு மணி நேரம். நீங்க வாக்குவாதம் பண்ணிக்கிட்டு, சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதும் பந்தம் எரிந்துகொண்டிருக்கும். பெயரில் நிழல் இருந்தாலும் இது உண்மையில் வெளிச்சத்தைப் பற்றிய விளையாட்டு. ஸெலாஸ்னியின் ஜாக் இதைப் பார்த்தால் தலையாட்டியிருப்பான்.

நிழற்குடை

கடைசியாக, மொழி பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் 'ஷேடோ' வேறு, 'ஷேட்' வேறு. ஒன்று உருவத்தின் கறுப்பு வடிவம், இன்னொன்று வெயிலுக்கு ஒதுங்கும் இடம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நிழல் உலகம் என்றால் தாதாக்கள். அதே நிழல் பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று பழமொழியே இருக்கிறது. மே மாதச் சென்னையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஐம்பது வருஷ விதிப் புத்தகங்களில் திருடன், கொலையாளி, பேய், சாபம் பட்ட ரத்தம் எல்லாம் நிழலாக வந்தாகிவிட்டது. பிறரைத் தன் நிழலில் ஒதுங்க வைப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட கேரக்டர் ரொம்ப அபூர்வம். 2014-ன் நிழல் துறவி இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவார். தன்னோடு தன் குழுவினரின் காலடி ஓசையையும் மறைக்கும் மந்திரம் அவரிடம் உண்டு. மற்றபடி அந்த இடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை நீங்க ஒரு நிழல் கேரக்டரை உருவாக்க உட்காரும்போது, சக்திப் பட்டியலுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இவர் நிழலைக் கத்துக்கிட்டாரா, அதோட பிறந்தாரா? இவருடைய நிழல் விழ எந்த விளக்கு எரியுது. யார், என்ன அது? இவர் நிழலில் வேற யாருக்காவது இடம் இருக்கா? மூணாவது கேள்விக்குப் பதில் கிடைச்சுதுன்னா, உங்க டன்ஜன் மாஸ்டரிடம் பேசி அதுக்கு ஒரு விதி எழுதிக்கோங்க. சான்டா மோனிகா கடையில் ஆடினவங்களும் அதைத்தான் பண்ணினாங்க.

உங்க கேரக்டர் எப்படி வந்ததுன்னு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.